கதை சொன்ன கைம்பெண்

சென்னை மயிலாப்பூர் பகுதியில் இருக்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு முன்பு எட்வர்டு எலியட்ஸ் ரோடு என்று பெயர். அந்த ரோட்டில் "பெருங்குளம் ஹவுஸ்" என்று ஒரு வீடு இருந்தது. உப்பு இலாகா அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அ. மாதவையாவின் வீடு அது.

மாதவையா 1872-ல் பிறந்தவர். சுமார் இருபது வயதில் அவர் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். "விவேக சிந்தாமணி" பத்திரிகையில் "சாவித்திரி சரித்திரம்" என்ற தொடர்கதையைத் தொடங்கினார். பால்ய விவாகம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம் - இவைதான் கதை. ஆனால், அது பாதியில் நின்றுவிட்டது!

அவர் விடவில்லை. 1903-ல் அந்தக் கதை "முத்துமீனாட்சி" என்ற பெயரில் புத்தகமாக வந்தது.

"அவள்" அல்ல, "நான்"

விதவையின் துயரத்தைச் சொல்லும் கதையில் புதுமை என்ன? சொல்கிறவள் யார் என்பதுதான் புதுமை. முத்துமீனாட்சி தன் கதையைத் தானே சொல்கிறாள்.

அந்தக் காலத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். தலை மழித்து, நார்மடி கட்டி, சமையற்கட்டின் ஓரத்தில் ஒரு ஜீவன் இருக்கும். வீட்டிலுள்ளவர்களுக்கு அது அத்தையாகவோ அக்காவாகவோதான் இருக்கும். வெளியே கிளம்புகிறவர் எதிரில் அது வரக்கூடாது, வந்தால் அபசகுனம்! வேளைக்கு வேலை வாங்குவார்கள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கமாட்டார்கள்.

அப்படிப்பட்டவளைப் பற்றி வேறொருவர் சொன்னால், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். அவளே எதிரில் உட்கார்ந்து "நான்" என்று பேசினால்? எழுந்து போக முடியாது. நமக்கு உள்ள பசியும் ஆசையும் கோபமும் அவளுக்கும் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் சொந்த அத்தையின் முகமும் நினைவுக்கு வரும்.

எழுதியவர் ஆண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சில இடங்களில் அந்தப் பெண்ணின் வாய் வழியாகப் பட்டதாரி மாதவையாவே பிரசங்கம் செய்கிறார். ஆனாலும் அவள் குரல் அமுங்கிப் போகவில்லை.

முடிவில் முத்துமீனாட்சிக்கு மறுமணம் நடக்கிறது. விதவை மறுமணத்துக்கு 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊர்தான் சட்டத்தை ஏற்கவில்லை.

மாதவையா 1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசியபோதே சுருண்டு விழுந்து காலமானார். பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல்தான் நிறைவேறியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கதையில் மட்டுமா?

1886-ல் மயிலாப்பூரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிறு வயதிலேயே கல்யாணம். சிறு வயதிலேயே விதவை. ஆனால், தகப்பனார் அவளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். 1911-ல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். அவர்தான் சகோதரி சுப்புலட்சுமி.

தம்மைப்போல் விதவையான சிறுமிகளைச் சேர்த்து எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அது கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. சமையற்கட்டு ஓரத்திலிருந்து வந்த அந்தப் பெண்களில் பலர், படித்து ஆசிரியைகளாகி வெளியே போனார்கள்.