காண்டாக் கம்பும் முதுகெலும்பும்

ரெங்கம் வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள், மங்குகளில் சேர்ந்த பாலை இரண்டு வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பின் முனைக்கொன்றாகத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்த காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிள் வந்த பின் அது அருகிவிட்டது. அந்தக் கம்பு செய்த வேலையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

20 கிலோ பாலை ஒரே வாளியில் வலக்கையால் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வாளி முதுகெலும்பிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. உடல் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் இடப்புறத் தசைகளோ எலும்பிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டரில் இருக்கின்றன. நெம்புகோல் விதிப்படி அவை 60 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். ஆக, இடுப்பெலும்பின் மேல் விழும் கூடுதல் பாரம் 80 கிலோ!

அதே பால் காண்டாவில் இருந்தால்? கம்பு கழுத்தை ஒட்டி, எலும்பிலிருந்து 10 சென்டிமீட்டரில் அமர்கிறது. தசை 20 கிலோ இழுத்தால் போதும், மொத்தம் 40. பாதிச் சுமை குறைந்துவிட்டது. வழியில் தோள் மாற்றியதும் இதனால்தான். ஒரு பக்கத் தசைக்கு ஓய்வு.

ஒரு வாளியில் 12 கிலோவும் மற்றதில் 8 கிலோவும் இருந்தால், கனத்த வாளியின் பக்கமாகக் கம்பைக் கொஞ்சம் தள்ளித் தாங்குவார்கள். பள்ளிக்கூடத் தராசுப் பாடம்தான், நேயர்களே. அவர்களுக்கு அதைத் தோள் சொல்லிக்கொடுத்தது.

ஆபத்து நடையில் அல்ல, எழும்போதுதான். இடுப்பை வளைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டால் மறுநாள் கூலி போயிற்று. அனுபவசாலிகள் கம்பின் கீழ் குந்தி, தோளைக் கொடுத்து, முழங்காலை நிமிர்த்தி எழுந்தார்கள். பாரம் தொடைக்குப் போனது.