லினக்சில் தவறுதலாக நீக்கப்பட்ட அடிப்படை மென்பொருள்களை மீட்டல்

லினக்சு இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாக நிறுவப்படுகின்றன. ஒரு பொதி இயங்குவதற்கு வேறு சில பொதிகள் தேவைப்படலாம். இது சார்பு எனப்படும். ஒரு பொதியை நீக்கினால் அதைச் சார்ந்துள்ள பொதிகளும் சேர்ந்தே நீங்கும். இதனால் சில வேளைகளில் திரைமுகப்பு, முனையம், இணைய இணைப்பு ஆகியவைகூடக் கணினியிலிருந்து மறைந்துவிடுகின்றன. டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களில் இந்த இழப்பைப் பெரும்பாலும் மீட்டுவிட முடியும்.

எவ்வாறு நேர்கிறது

பரவலாகக் காணப்படும் தவறு பைத்தானை நீக்குவதாகும். உபுண்டு 22.04 பதிப்பு பைத்தான் 3.10 உடன் வருகிறது. அதைவிடப் புதிய பதிப்பை விரும்பும் மாணவர், பழையது இடைஞ்சல் என்று எண்ணி அதனை நீக்க முற்படுகிறார். ஆனால் உபுண்டுவின் கருவிகள் பல பைத்தானில் எழுதப்பட்டவை. எனவே அதனுடன் நீங்கவுள்ள பொதிகளின் நீண்ட பட்டியல் திரையில் தோன்றும். அந்தப் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ விசையை அழுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உண்மையில் பழையதை நீக்கத் தேவையே இல்லை. இரு பதிப்புகளும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம்.

இது தொடக்கநிலையினருக்கு மட்டும் நேர்வதன்று. 2021 நவம்பரில், கணினி தொடர்பான யூடியூப் நிகழ்ச்சிகளால் அறியப்பட்ட லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றபோது திரைமுகப்பு முழுவதும் நீங்கிவிட்டது. பொதிகளில் இருந்த ஒரு பிழையே இதற்குக் காரணம். ‘ஆம், நான் சொல்கிறபடி செய்’ என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரைத் தட்டச்சு செய்யுமாறு ஆப்ட் கேட்டது, அவரும் செய்தார். அதன் பின்னர் ஆப்ட் மென்பொருளிலிருந்து அந்தக் கேள்வி எடுக்கப்பட்டு, இன்றியமையாப் பொதிகளை நீக்கும் முயற்சி பிழையாகவே நிறுத்தப்படலாயிற்று.

இழக்காதவை

திரை கறுத்துப்போனதும் எல்லாம் அழிந்தது என்று பலர் கலங்குகின்றனர். பொதியை நீக்கும் கட்டளை ‘ஹோம்’ கோப்புறையைத் தொடுவதில்லை. பாடக்குறிப்பு, ஆய்வேடு, ஒளிப்படம் எல்லாம் அங்கேயே இருக்கும். ‘ரிமூவ்’ கட்டளை அமைப்புக் கோப்புகளையும் விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ கட்டளை மட்டும் அவற்றையும் எடுத்துவிடும். தெரிந்தவர் ஒருவர் ‘பார்மட்’ செய்துவிடலாம் என்று சொல்ல, அதைக் கேட்டு வட்டினை அழிக்கும்போதுதான் கோப்புகள் உண்மையில் பறிபோகின்றன.

மீட்கும் முறை

முதலில் கணினியை அணைக்காமல் இருக்க வேண்டும். லினக்சில் ஒரு கோப்பை நீக்கினாலும், அதனைத் திறந்து வைத்துள்ள நிரல் முடியும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். ஆகவே ஏற்கனவே திறந்திருக்கும் முனையச் சாளரம் தொடர்ந்து வேலை செய்யக்கூடும். அதை மூடிவிட்டால் மீண்டும் திறக்க முடியாமல் போகலாம். சாளரம் இல்லையெனில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துவடிவ முனையத்திற்குச் செல்லலாம்.

எவையெல்லாம் நீங்கின என்பதை நினைவில் தேட வேண்டியதில்லை. ‘வார்’ கோப்புறையிலுள்ள ‘லாக்’ என்பதற்குள், ‘ஆப்ட்’ கோப்புறையில் ‘ஹிஸ்டரி’ என்ற பதிவேடு உள்ளது. நாள், நேரம், இட்ட கட்டளை, நீங்கிய பொதிகளின் பெயர்கள் ஆகிய அனைத்தும் அதில் பதிவாகியிருக்கும். பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பதிப்பு எண்களை நீக்கிவிட்டு, அதே பட்டியலை ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளைக்குக் கொடுத்தால் போதுமானது. உபுண்டுவில் திரைமுகப்பு மட்டும் போயிருந்தால் ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ என்ற ஒரே பொதியை நிறுவினாலே அதைச் சேர்ந்த மற்றவையும் வந்துவிடும்.

இணையம் துண்டிக்கப்பட்டிருந்தால் வேலை கடினமாகும். தேவையான பொதிகளை வேறொரு கணினியில் பதிவிறக்கி, யூஎஸ்பி வழியாகக் கொண்டுவந்து, ‘டிபிகேஜி’ கட்டளையால் நிறுவ வேண்டும். சார்புகளையும் தேடித்தேடிக் கொண்டுவர வேண்டியிருப்பதால் இதற்குப் பொறுமை தேவை. முன்பு இறக்கிய பொதிகள் சில ‘வார்’ கோப்புறையின் ‘கேஷ்’ பகுதியில் எஞ்சியிருக்கவும் கூடும்; அங்கு முதலில் பார்ப்பது நல்லது.

கணினி தொடங்கவே இல்லையென்றால், நிறுவாமலே இயங்கும் உபுண்டுவை யூஎஸ்பி-யிலிருந்து தொடங்கி, பழைய வட்டினை இணைத்து, கோப்புகளை முதலில் வேறிடத்திற்குப் படியெடுக்க வேண்டும். பின்னர் ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’ கோப்புறைகளை அவ்வட்டுடன் பிணைத்து, ‘சீஎச்ரூட்’ கட்டளையால் பழைய அமைப்பிற்குள் நுழைந்தால் ஆப்ட் வழக்கம்போல் இயங்கும். டிபிகேஜியே நீங்கியிருந்தாலும் வழியுண்டு. ‘டெப்’ கோப்பு என்பது ‘ஏஆர்’ வகைத் தொகுப்புக் கோப்பே; அதனை ‘ஏஆர்’, ‘டார்’ ஆகிய கருவிகளால் பிரித்து, உள்ளிருக்கும் கோப்புகளை உரிய இடத்தில் வைக்கலாம். அதன் பிறகு அதே பொதியை முறைப்படி ஒருமுறை நிறுவிவிட வேண்டும்.

எதையேனும் நீக்குவதற்கு முன் ஆப்ட் கட்டளையுடன் ‘-எஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் அது காட்டும்.