சுற்றுப்பலகை வடிவமைப்பு மென்பொருள்களில் வழுக்களும் மாற்றுவழிகளும்

மின்சுற்றுப் பலகையை (பி.சி.பி.) வரையும் மென்பொருளில் வழு இருந்தால், அது திருத்தப்படும் வரை வேலையை நிறுத்தி வைக்க இயலாது. வழு பலகையில் பிழையாகப் பதியாதபடி வேலையை முடிக்கும் முறையே மாற்றுவழி எனப்படுகிறது. கீகேட், ஈகிள் போன்ற எல்லா வடிவமைப்பு மென்பொருள்களுக்கும் இது பொருந்தும்.

மோட்டார் பம்புகளுக்குப் பெயர்பெற்ற கோவையில், துடியலூர் வழியாகச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டித் தொழிற்கூடங்கள் பல உள்ளன. பம்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு பலகை, கிணற்றில் நீர் வற்றினாலோ ஒரு பேஸ் அறுந்தாலோ மோட்டாரை நிறுத்த வேண்டும். அது தவறினால் காயில் கருகும். தோட்டத்துக்காரருக்கு ரீவைண்டிங் செலவும், பாசனம் தவறிய நாட்களும் மிஞ்சும்.

இத்தகைய பலகையில் 230 வோல்ட் பகுதியும் 5 வோல்ட் பகுதியும் அருகருகே இருக்கின்றன. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட். 301 முதல் 500 வோல்ட் வரை, பூச்சில்லாத வெளிப்பரப்பில் குறைந்தது 2.5 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது ஐ.பி.சி.-2221 தரநிலை. கீகேட்டின் இயல்பு இடைவெளியோ 0.2 மி.மீ. இதை மாற்றாமல் விதிச் சோதனையை (டி.ஆர்.சி.) ஓட்டினால் "பிழை இல்லை" என்றே விடை வரும். இது வழு அன்று. கொடுத்த விதியைத்தான் மென்பொருள் சோதித்தது. வழு என்று புகார் செய்யப்படுபவற்றில் இவ்வகை அமைப்புப் பிழைகளும் உண்டு என்பதால், முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும்.

செப்பு நிரப்பு அடுத்த இடர். பாகத்தை நகர்த்திய பின் நிரப்பைப் புதுப்பிக்காமல் கோப்பு எடுத்தால், பழைய நிரப்பே ஆலைக்குப் போகும். சோதனைக்கு முன் ஒருமுறையும் கோப்பு எடுக்கும் முன் ஒருமுறையும் நிரப்பைப் புதுப்பிப்பதே பழக்கமாக வேண்டும்.

துளைக் கோப்பில் நேரும் பிழை இன்னும் விந்தையானது. எக்செலான் வடிவில் 12.5 மி.மீ. என்பதை மூன்று முழு இலக்கம், மூன்று பின்ன இலக்கம் கொண்டு 012500 என எழுதலாம். பின்சுழிகளை நீக்கினால் 0125. இதைப் படிக்கும் மென்பொருள் முன்சுழிகள் நீக்கப்பட்டதாக எண்ணிக்கொண்டால் 000125, அதாவது 0.125 மி.மீ. எனக் கொள்ளும், துளை நூறில் ஒரு பங்கு தொலைவிலேயே விழும். கோப்பை எடுக்கும்போது தசமப் புள்ளியுடன் எழுதும் முறையைத் தேர்ந்தால் இந்தக் குழப்பமே எழாது. அதன் பிறகும், வரைந்த மென்பொருளிலேயே பார்த்துத் திருப்தி அடையாமல், ஜெர்பிவி போன்ற வேறொரு காண்பானில் ஜெர்பர் அடுக்குகளையும் துளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மென்பொருள் எழுதிப் படித்தால், எழுதியதில் செய்த அதே தவறைப் படிப்பதிலும் செய்யக்கூடும்.

பதிப்பு மாற்றமும் சிக்கல் தரும். கீகேட் 6 பதிப்பில் வரைபடக் கோப்பின் வடிவம் மாறியது. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையதில் திறக்க இயலாது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பாகக் குறிகள் தனி நூலகத்தில் இருந்தன. நூலகம் தொலைந்தால் குறிகளின் இடத்தில் கேள்விக்குறிகளே தெரியும். எனவே ஒரு வேலை முடியும் வரை பதிப்பை மாற்றாமலும், நூலகத்தைத் திட்டக் கோப்புறைக்குள்ளேயே நகலெடுத்தும் வைப்பது நல்லது. ஐ.ஐ.டி. மும்பையின் ஃபாசி திட்டம் உருவாக்கிய ஈசிம், வரைபடத்துக்குக் கீகேட்டையும் பாவனைக்கு என்ஜிஸ்பைசையும் சார்ந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் மாணவர்கள் எந்தப் பதிப்புக்கு எது பொருந்தும் என்று பார்த்தே நிறுவ வேண்டும்.

தமிழில் பெயர் பொறிக்க விரும்புவோருக்கு ஒரு தனித் தொல்லை இருந்தது. கீகேட்டின் கோட்டு எழுத்துரு தமிழை முறையாக அமைக்காது. "மோட்டார்" என்ற சொல்லை இங்க்ஸ்கேப்பில் எழுதிப் படமாக்கி, படமாற்றி வழியே பாக வடிவமாக்கிப் பலகையில் வைப்பதே வழியாக இருந்தது. 2023 பிப்ரவரியில் வந்த கீகேட் 7, கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் பயன்படுத்த இடம் தந்தது.

வழு உறுதியானால், அதை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய கோப்பு ஒன்றைத் தயாரித்து, பதிப்பு எண்ணுடன் உருவாக்குநர்களுக்கு அனுப்பலாம். கீகேட்டில் உதவிப் பட்டியிலேயே இதற்கான வசதி உள்ளது. வாடிக்கையாளரின் முழு வரைபடத்தை அனுப்பத் தேவையில்லை. இரண்டு மின்தடைகளும் ஒரு செப்பு நிரப்புமே பெரும்பாலும் போதும்.