கராஜ் மூலையும் பாச்சை உருண்டையும்

'ஹவுஸ்ஹோல்ட் ஹசார்டஸ் வேஸ்ட்' என்று நகராட்சியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தால் நம்ம அப்பா அம்மா என்ன செய்வார்கள்? ஏதோ ஃபேக்டரிக்காரர்களுக்கு வந்தது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். பெயர் அப்படி. ஆனால் அதில் கேட்பதெல்லாம் வீட்டில் கிடக்கிற சாமான்தான்: மிச்சப் பெயின்ட், பேட்டரி, ட்யூப் லைட், எறும்பு மருந்து, காரிலிருந்து வடித்த பழைய ஆயில். கலிஃபோர்னியாவில் இவற்றைக் குப்பைத் தொட்டியில் போடுவது சட்டப்படி தவறு. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினாலோ, சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் வளைகுடாவில் போய்ச் சேரும்.

நாங்கள் இருப்பது ஃப்ரீமாண்டில். எங்கள் அலமீடா கவுண்டியில் ஃப்ரீமாண்ட், ஹேவர்ட், லிவர்மோர், ஓக்லாண்ட் என நான்கு இடங்களில் நிரந்தர மையங்கள் உண்டு. இவை போக, சில ஊர்களில் ஒருநாள் சேகரிப்பு முகாமும் நடக்கும். கவுண்டிவாசிகளுக்குக் காசு கிடையாது. போன வருஷம் அப்பா அம்மா வீட்டு கராஜைக் காலி செய்தபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"காசு குடுத்து வாங்கினதை நாமளே கொண்டுபோய்க் குடுக்கணுமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். போனால் காரை விட்டே இறங்க வேண்டாம் என்றார்கள். டிக்கியைத் திறந்தோம், கையுறை போட்ட ஊழியர்கள் எல்லாவற்றையும் எடுத்து வகை பிரித்தார்கள். பத்து நிமிஷ வேலை. எதற்கு வைத்திருந்தீர்கள், ஏன் இத்தனை நாள் என்று ஒரு கேள்வி இல்லை. அப்பாவுக்கு அதுதான் ஆச்சரியம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கலிஃபோர்னியாவில் ஒரு தடவைக்கு 15 கேலன் அல்லது 125 பவுண்டு வரைதான் காரில் எடுத்துப் போகலாம். ஒரு சாதாரண பெயின்ட் டப்பா ஒரு கேலன்; கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எதையும் எதோடும் கலக்காதீர்கள், ஒரே மாதிரி தெரிந்தாலும். பழைய டப்பாவிலேயே இருக்கட்டும். டிக்கியில் வையுங்கள், பிள்ளைகள் உட்காரும் சீட்டுப் பக்கம் வேண்டாம். லித்தியம் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டிவிடுங்கள். என்னைப் போல சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் வீட்டு டிராயரில் பழைய போன் நாலாவது இருக்கும். அவை குப்பை லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

இதெல்லாம் பட்டியலிலேயே இருக்கும், படித்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது நம்ம வீட்டுச் சாமான்களைப் பற்றி.

முதலில் பாச்சை உருண்டை. ஊரிலிருந்து வந்த பெட்டியில், பட்டுப்புடவை மடிப்பில், பாத்ரூம் மூலையில் இல்லாத வீடு உண்டா? அது நாஃப்தலீன். ஜி6பிடி என்கிற என்சைம் குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, ரத்தசோகையும் கடுமையான மஞ்சள் காமாலையும் கொண்டுவரும். பாச்சை உருண்டையோடு வைத்திருந்த துணியைச் சுற்றியதாலேயே பச்சிளங்குழந்தைகள் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறைபாடு நம்மவர்களிடமும் உண்டு, ஆண் குழந்தைகளிடம் அதிகம். இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இப்போது யோசியுங்கள்: பேரப்பிள்ளை பிறந்ததும் பாட்டி தூளி கட்ட எங்கேயிருந்து எடுக்கிறார், அந்த மெத்தென்ற பழைய நூல்புடவையை? அதே பெட்டியிலிருந்துதான்.

அடுத்தது கரப்பான் சாக்பீஸ். அடுப்பங்கரை ஓரமாகக் கோடு போடுவோமே, அது. பார்க்க பள்ளிக்கூட சாக்பீஸ் மாதிரியே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அமெரிக்காவில் இதை விற்பதே சட்டவிரோதம், மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம் எச்சரித்தும் இருக்கிறது. ஆனாலும் சூட்கேஸில் வந்துகொண்டுதான் இருக்கிறது. பூச்சிமருந்து என்கிற வகையில் மையத்தில் எடுத்துக்கொள்வார்கள். லேபிள் இல்லாத பொட்டலமாக இருந்தால் ஒரு டேப்பை ஒட்டி, என்னவென்று உங்களுக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஊழியர் அதைக் கையால் தொடப்போகிறவர்.

பாதரசத் தெர்மாமீட்டர் மூன்றாவது. ஒன்றில் அரை கிராம் அளவுக்குப் பாதரசம் இருக்கும். தாத்தா வைத்திருந்த பழைய பிபி பார்க்கும் பெட்டி கிடக்கிறதென்றால், அதில் பல மடங்கு. ஜிப் பையில் போட்டு, உடையாத டப்பாவில் வைத்துக் கொண்டுபோங்கள். வழியில் உடைந்துவிட்டால் வாக்யூம் போடாதீர்கள். பாதரச ஆவி வீடு முழுக்கப் பரவும்.

கடைசியாக, இன்சுலின் ஊசி. சர்க்கரை வியாதி இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை? உபயோகித்த ஊசியை கோக் பாட்டிலில் அடைத்து நீலத் தொட்டியில் போடுகிற வீடு எனக்குத் தெரிந்தே இரண்டு இருக்கிறது. 2008லிருந்து கலிஃபோர்னியாவில் ஊசியைக் குப்பையில் போடக்கூடாது. அந்த பாட்டில் உடைந்து, பிரிக்கும் இடத்தில் நிற்பவரின் கையில் குத்துகிறது. குத்துப்பட்டவருக்கு அது யார் வீட்டு ஊசி என்று தெரியாது. டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை அவருக்குத் தூக்கம் கிடையாது. மருந்துக்கடையில் கிடைக்கிற ஊசிப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொள்ளும் மையத்தில் கொடுங்கள்.

மாத்திரைகளுக்கு வேறு வழி. மிச்சமாகும் மருந்தைத் திரும்பப் பெறும் செலவை மருந்துக் கம்பெனிகளே ஏற்க வேண்டும் என்று 2012ல் நாட்டிலேயே முதலில் சட்டம் போட்டது எங்கள் கவுண்டிதான். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2015ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்தது. அதனால் பல ஃபார்மசிகளில் இன்று அதற்கென்றே பெட்டி இருக்கிறது. வேறு மாநிலத்தில், வேறு நாட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள், நிறைய மாறும்.

பெரியவர்களிடம் "இதெல்லாம் விஷம், தூக்கிப் போடுங்க" என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. அம்மாவிடம் தூளித்துணி விஷயத்தை மட்டும்தான் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு அவரே நாலு பெட்டியையும் திறந்து, உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினார். புடவையெல்லாம் இரண்டு நாள் வெளியில் காய்ந்தது. இப்போது அந்தப் பெட்டிகளில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் இருக்கின்றன. வேப்பிலைக்காகப் பின்பக்கம் ஒரு கன்று வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் அதை கராஜுக்குள் தூக்கி வைப்பது அப்பா வேலை. காலியான அந்த மூலையில்.