லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் தலைவலியா? காரணம் காபியாக இருக்கலாம்!

செமஸ்டர் முடிந்து ஹாஸ்டலிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகள் சிலர், மறுநாளே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் பயணம், வெயில் என்று நாம் காரணம் தேடுவோம். பரீட்சைக்குக் கண்விழிக்கக் குடித்த காபியும் எனர்ஜி டிரிங்க்கும் திடீரென நின்றதும் காரணமாக இருக்கலாம்.

தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் பழகியவர்கள் அதை நிறுத்தினால், 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். காஃபினால் சுருங்கியிருந்த மூளை ரத்தக்குழாய்கள் மீண்டும் விரிவதே இதற்கு முக்கியக் காரணம். பொதுவாக ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

என்ன செய்யலாம்?

* ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாள்களுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள்.
* தண்ணீர், மோர் குடியுங்கள், தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.
* மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போடுவது தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைத் தரும்.
* திடீரெனத் தாங்க முடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என்றால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள்.