பியாட்சா (கல்விக் கருவி)

பியாட்சா என்பது கல்லூரி வகுப்புகளில் மாணவரும் ஆசிரியரும் பாடம் தொடர்பான ஐயங்களை இணையவழி எழுப்பி விடை காண உதவும் சமூக வலையமைப்புக் கருவி ஆகும். இதனை 2009 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் பூஜா சங்கர் தொடங்கினார். பியாட்சா என்ற இத்தாலியச் சொல் ஊர்ச் சதுக்கத்தைக் குறிக்கும்.

தோற்றம்

பூஜா சங்கர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணினியியல் பயின்றவர். அவரது வகுப்பில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். ஆண் மாணவர்கள் தமக்குள் கலந்து பேசிப் பயின்றனர். கூச்சத்தால் அவர்களிடம் வினவ இயலாத அவர் தனித்தே பயின்றார். இவ்வனுபவமே இக்கருவிக்குத் தூண்டுதலாயிற்று.

செயற்படும் முறை

ஒவ்வொரு பாடத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒரு வினாவுக்கு இரண்டு விடைப்பகுதிகள் அமைந்துள்ளன. ஒன்றை மாணவர்கள் விக்கியைப் போலக் கூட்டாகத் தொகுப்பர். மற்றொன்றை ஆசிரியர் எழுதுவார். மாணவர் விடை சரியெனில் ஆசிரியர் அதற்கு ஒப்புதல் அளிக்கலாம். ஆசிரியர் அனுமதித்தால், சக மாணவருக்குப் பெயர் தெரியாதவாறு வினவலாம். இதனால் ஏளனத்துக்கு அஞ்சி வகுப்பில் வாய் திறவாதோரும் ஐயம் தீர்த்துக்கொள்ள முடிகின்றது. ஒருவருக்கு அளித்த விடையை அனைவரும் படிப்பதால், ஆசிரியர் ஒரே ஐயத்தைப் பலமுறை விளக்க வேண்டியதில்லை.

திறனாய்வு

மாணவரின் தரவுகள் தனியார் நிறுவனம் ஒன்றிடம் சேர்வதால், தனியுரிமை குறித்த கவலைகளும் எழுந்துள்ளன.