மலையேறும் பாரம்: புகையிரதமா, லொறியா?

தேயிலை மலையிலிருந்து இறங்குகிறது. அரிசியும் மாவும் உரமும் மலைக்கு ஏறுகின்றன. இவ்வேற்றத்துக்குக் குறைந்த எண்ணெய் வேண்டுவது புகையிரதமா, லொறியா? புகையிரதமே என்று நம்மிற் பலர் தயங்காது கூறுவோம். சமவெளிக்கு அவ்விடை முற்றும் பொருந்தும். மலைநாட்டிலோ சற்று ஆராய்ந்தே விடை கூறவேண்டும்.

கோப்பிக் காலத்தில் இப்பாரத்தை மாட்டுவண்டிகள் இழுத்தன. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம், 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டியது. பட்டிப்பொலைக்கு அருகே பாதையின் உச்சி 1,898 மீற்றர் உயரத்தில் உள்ளது.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தின்மீது நசுங்காது உருள்கிறது. லொறியின் றப்பர்ச் சக்கரமோ ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் ஒரு பகுதிச் சக்தி வெப்பமாய் வீணாகிறது. சமதரையில் ஒரு தொன் பாரத்தை உருட்டத் தண்டவாளத்தில் ஏறக்குறைய 2 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுப்புப் போதும். தார் வீதியில் 8 கிலோகிராம் வேண்டும். நான்கு மடங்கு வேறுபாடு!

இனி ஏற்றத்தைப் பார்ப்போம். நாவலப்பிட்டிக்கு மேலே பாதை 44 அடிக்கு ஓர் அடி வீதம் உயரும் இடங்கள் உண்டு. அங்கே ஒரு தொன்னை மேலே தூக்க மட்டும் 23 கிலோகிராம் இழுப்பு வேண்டும். அதே சரிவில் லொறிக்கும் அவ்வளவே வேண்டும். கூட்டிப் பார்த்தால் புகையிரதத்துக்கு 25, லொறிக்கு 31. நான்கு மடங்காயிருந்த ஆதாயம் ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிட்டது. கூரிய வளைவுகளின் உராய்வு அதனையும் சிறிது குறைக்கும். பூமியின் ஈர்ப்பு இரும்பென்றும் றப்பரென்றும் பேதம் பார்ப்பதில்லை.

இதனால் விளங்குவது யாது? கடல் மட்டத்திலிருந்து பட்டிப்பொலை உச்சிக்கு ஒரு தொன்னை உயர்த்துவதற்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் டீசல் செலவாகும். இக்கணக்கில் பெட்டியின் எடையும் அடங்கும். புகையிரதப் பெட்டியோ தன்னுள் அமரும் பயணிகளைவிடப் பல மடங்கு பாரமுடையது. ஆகவே பாதி வெறுமையாய் மலையேறும் புகையிரதம், நிறைந்து செல்லும் பஸ்ஸிடம் தோற்கவும் கூடும். நிறைந்த புகையிரதமோ, ரம்புக்கனை வரையுள்ள சமதரையிற் பெரும் ஆதாயமும் மலையிற் சிறு ஆதாயமும் தரும்.

2022இல் எண்ணெய்க்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நம் குடும்பங்கள் மறந்திரா. எண்ணெய்க்கு அந்நியச் செலாவணி தேடும் நாட்டில், மலைக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் நிறைந்து செல்லுதல் வேண்டும். பாதை இருந்தால் மட்டும் போதாது. அதிற் பாரமும் வேண்டும்.